சுவருக்குள் எவ்வளவு நேரம்?

சுவர் தாண்டிய அலை: பகுதி 9

சென்ற பகுதியை ஃபௌலரும் நார்தைமும் 1928-இல் போட்ட கணக்கோடு நிறுத்தியிருந்தேன். மின்புலம் போதிய அளவு வலுவாக இருந்தால், ஏறித் தாண்ட முடியாத தடுப்பைக்கூட எலக்ட்ரான் குறுக்கே புகுந்து கடந்துவிடும் (இதுதான் டனலிங்) என்பது அந்தக் கணக்கு. கைபேசியின் ஃபிளாஷ் மெமரியில் படமும் குறுஞ்செய்தியும் பதிவாவது இந்த வழியில்தான். சுமார் 8 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்ஸைடு படலம்தான் அங்கே சுவர். அந்த சிப் நம் பக்கத்தில் செய்யப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே போர்டில் உட்காருகிறது.

குன்றத்தூரில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் யாராவது ஒருவர் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ சுங்குவார்சத்திரத்துக்கோ கம்பெனி பஸ் ஏறுகிறவர். போன் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் நிற்கும் பையன் ஒருவன் தொடரைப் படித்துவிட்டுக் கேட்டான்: "எலக்ட்ரான் சுவரைத் தாண்டுதுன்னு எழுதியிருக்கீங்க, சரி சார். தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?" லைனில் திருகு முடுக்குவதிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவது வரை எல்லாவற்றுக்கும் சைக்கிள் டைம் உண்டு. இதற்கு மட்டும் இல்லாமல் போகுமா? இயற்பியலாளர்கள் இந்தக் கேள்வியை 1930-களின் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டைக்குள் போவதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். காத்திருக்கும் நேரம் வேறு, கடக்கும் நேரம் வேறு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,405 கோடி ஆண்டு. ஆல்ஃபா சிதைவை டனலிங்காக விளக்கிய காமோவின் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த அணுக்கருவுக்குள் ஆல்ஃபா துகள் நொடிக்குச் சுமார் கோடி கோடி கோடி முறை சுவரில் போய் முட்டுகிறது. அத்தனை முட்டலுக்கும் பலனில்லாமல், என்றோ ஒருநாள் ஒரு முட்டலில் வெளியே வந்துவிடுகிறது. 1,405 கோடி ஆண்டு என்பது முட்டிக்கொண்டு காத்திருந்த காலம். வெற்றி பெற்ற அந்த ஒரு முட்டலில் சுவரைக் கடக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அந்த எண் சொல்லாது. ஃபிளாஷ் மெமரியிலும் இதே கதைதான். ஒரு பக்கத்தை எழுத நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி ஆகிறதென்றால், அது போதுமான எலக்ட்ரான்கள் வந்து சேரும்வரை ஆகும் நேரம். ஒரு எலக்ட்ரானின் பயண நேரம் அல்ல.

இனி பயண நேரத்துக்கு வருவோம். இதன் முன்கதை நம் நாட்டில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில், குவாண்டம் என்ற சொல்லே இயற்பியலுக்குள் வராத காலத்தில் தொடங்குகிறது. கண்ணாடிக்குள் சாய்வாகப் போகும் ஒளி, மறுபுறம் காற்றைத் தொடும் இடத்தில் முழுவதும் திரும்பிவிடும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு மிக அருகில் இன்னொரு கண்ணாடியை வைத்தால், நடுவே காற்று இடைவெளி இருந்தும் ஒளியில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. இது நியூட்டனுக்கே தெரியும். தொல்லை என்னவென்றால், ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. இடைவெளியும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும்; கையால் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் காரியமில்லை. ஜகதீஷ் சந்திர போஸிடம் மைக்ரோஅலை இருந்தது. அலைநீளம் பெரிதானதால் இடைவெளியும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாயிற்று. இரண்டு கண்ணாடி முப்பட்டகங்களுக்கு நடுவே உள்ள காற்றிடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1897-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை ஏட்டில் கட்டுரை வந்தது. டனலிங்கின் கணிதமும் இந்தக் காற்றிடைவெளியின் கணிதமும் ஏறக்குறைய ஒன்று என்பது 30 ஆண்டு கழித்துத்தான் புரிந்தது. எவ்வளவு கடக்கிறது என்று போஸ் கேட்டார். எவ்வளவு நேரத்தில் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைய கருவிகளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அந்தச் சோதனைக்கு மறுபிறவியும் உண்டு. 1991-இல் பார்த்த கோஷ், திபங்கர் ஹோம், ஜி. எஸ். அகர்வால் மூவரும், போஸின் இரட்டை முப்பட்டகத்துக்குள் ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். ஹோம் வேலை பார்த்தது போஸ் நிறுவிய ஆய்வு நிலையத்தில் என்பது பொருத்தம். அடுத்த ஆண்டே ஜப்பானில் ஹமாமட்சு நிறுவனத்தின் மிசோபுச்சியும் ஓட்டாகேயும் அதைச் செய்து பார்த்தார்கள்.

நேரத்தை முதலில் கணக்கிட்டவர் பெல் ஆய்வகத்தின் மெக்கால். ஆண்டு 1932. ஓர் அலைத்தொகுப்பைச் சுவரின் மேல் ஏவி, அதன் உச்சி எப்போது மறுபக்கம் வெளிவருகிறது என்று பார்த்தார். கிடைத்த விடை அவருக்கே விசித்திரமாகப் பட்டிருக்கும்: ஏறக்குறைய தாமதமே இல்லை. 1955-இல் யூஜின் விக்னர், தம் மாணவர் ஐசன்பட் முன்பு தொட்ட வழியில், இதற்கு ஒரு ஒழுங்கான அளவுகோல் கொடுத்தார். தடையைத் தாண்டிய அலையின் கட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார். ஆற்றலைக் கொஞ்சம் மாற்றினால் அந்தக் கட்ட மாற்றம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார். அந்தச் சாய்வுதான் தாமதம். 1962-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் தாமஸ் ஹார்ட்மன், இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்கடத்தாப் பொருள் வைத்த அமைப்புகளுக்கு இதே கணக்கைப் போட்டார். சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் தாமதம் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. மேற்கொண்டு கூடவே இல்லை. அப்படியானால் சுவர் தடிக்கத் தடிக்க எலக்ட்ரானின் "வேகம்" ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒளியையே மிஞ்சிவிட வேண்டும்.

வேடிக்கையாக, அதே 1962-இல் ஒளியை மிஞ்சும் துகள்கள் இருந்தால் சார்பியலுக்கு என்ன ஆகும் என்று ஒரு கட்டுரை அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் இதழில் வந்தது. எழுதியவர்கள் பிலன்யுக், தேஷ்பாண்டே, ஈ. சி. ஜி. சுதர்சன். இதில் சுதர்சன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. கோட்டயத்துக்காரர்தான், ஆனால் 1951-இல் ஆனர்ஸ் முடித்தது தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில். குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பின்னாளில், 1980-களில், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் வந்து அமர்ந்தார். ஹார்ட்மனின் கட்டுரைக்கும் இவர்களுடையதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சுதர்சனின் பெயர் நம் கதைக்குள் உண்மையாகவே வருவது 15 ஆண்டு கழித்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சுவரையே பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி. எம். மாத்யூஸும் வெங்கடேசனும் எழுதிய குவாண்டம் இயக்கவியல் பாடநூலைத் தமிழ்நாட்டில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்த தலைமுறைகள் மறந்திருக்க முடியாது. அதில் வரும் சதுரச் சுவர்க் கணக்கில் சுவருக்கு முன்னாலும் உள்ளேயும் பின்னாலும் உள்ள அலைகளை விளிம்புக்கு விளிம்பு ஒட்டுப் போட வேண்டும். பக்கம் பக்கமாகப் போகும். அதைவிடச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. சுவரின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். உயரத்தை அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போங்கள். அகலமும் உயரமும் பெருக்கிய தொகை மட்டும் மாறாமல் இருக்கட்டும். கடைசியில் அகலம் பூஜ்யம், உயரம் முடிவிலி, ஆனால் சுவர் சுவராகவே இருக்கிறது. இதுதான் புள்ளிச் சுவர்.

இது சும்மா பரீட்சைக்கான பொம்மை இல்லை. 1931-இல் குரோனிக்கும் பென்னியும் படிகத்துக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்று காட்டியபோது, அணுக்களை வரிசையான சுவர்களாக வைத்து, கடைசியில் அவற்றைப் புள்ளிகளாகச் சுருக்கித்தான் விடையை எளிதாக்கினார்கள். 1936-இல் என்ரிகோ ஃபெர்மி, மெதுவாக வரும் நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு புள்ளிதான் என்று வைத்துக் கணக்குப் போட்டார். நியூட்ரானின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அணுக்கரு தூசிக்குத் தூசி. கணித வல்லுநர்களுக்கோ இது உறுத்திக்கொண்டே இருந்தது. முடிவிலி உயரத்தை எந்தக் கணக்கில் வைப்பது? 1961-இல் சோவியத் ஒன்றியத்தில் பெரேசினும் ஃபதேயெவும் அதற்கு முறையான அடித்தளம் போட்டார்கள். ஒரே பரிமாணத்தில் சாத்தியமான புள்ளிச் சுவர்கள் அத்தனையையும் வகைப்படுத்த நான்கு எண்கள் போதும் என்பது பிற்பாடு தெளிவானது. நாம் மேலே பார்த்தது அதில் ஒரே ஓர் எண்ணால் ஆன எளிய வகை.

இந்தச் சுவரில் விக்னரின் அளவுகோலை வைத்தால் என்ன வரும்? 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானை எடுத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் சுமார் 1.23 நானோமீட்டர்; வேகம் நொடிக்குச் சுமார் 590 கிலோமீட்டர். பாதி கடக்கவும் பாதி திரும்பவும் வேண்டிய அளவுக்குச் சுவரின் வலுவை அமைப்போம். கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. கடந்துபோன எலக்ட்ரான் சுமார் 165 அட்டோநொடி தாமதமாக வருகிறது. ஓர் அட்டோநொடி என்பது ஒரு நொடியில் கோடி கோடியில் ஒன்றை எடுத்து, அதை மேலும் பத்தாயிரமாக வகுத்தால் கிடைப்பது. ஓர் அணுவின் அகலத்தை அதே எலக்ட்ரான் தடையில்லாமல் கடக்க எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட இந்த 165 அட்டோநொடிதான். ஆனால் நம் சுவருக்கு அகலமே இல்லை. தங்குவதற்கு உள்ளே இடமே இல்லாத சுவர், நேரத்தை மட்டும் எங்கிருந்து சாப்பிட்டது?

இன்னொன்றும் பாருங்கள். சுவருக்குப் பதில் அதே வலுவுள்ள புள்ளிப் பள்ளத்தை வையுங்கள். கடப்பது பாதி, திரும்புவது பாதி என்பதில் ஒரு மாற்றமும் இல்லை. தாமதம் மட்டும் தலைகீழாகிவிடுகிறது: எலக்ட்ரான் 165 அட்டோநொடி முந்தி வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சுவரா பள்ளமா என்று சொல்லவே முடியாது. கடிகாரம் பார்த்தால்தான் தெரியும். திரும்பி வரும் எலக்ட்ரானுக்கும் இதே கணக்குதான்: சுவரென்றால் அதே தாமதம், பள்ளமென்றால் அதே முந்துதல்.

விடையை 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் வின்ஃபுல் பிரித்துக் காட்டினார். விக்னரின் தாமதத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, துகள் சுவருக்குள் இருக்கும் சராசரி நேரம். மற்றது, சுவரை நோக்கி வரும் அலையும் அதில் பட்டுத் திரும்பும் அலையும் சுவருக்கு முன்னால் ஒன்றோடொன்று கலப்பதால் வருவது. புள்ளிச் சுவரில் முதல் பங்கு சுத்தமாகப் பூஜ்யம். மேலே சொன்ன 165 அட்டோநொடி முழுவதும் இரண்டாம் பங்கு. அதாவது தாமதம் நடந்த இடம் சுவருக்கு வெளியே, முன்பக்கம். இந்தத் துறையில் நடந்த சச்சரவுகளில் பாதி, வெளியே நடந்ததை உள்ளே நடந்ததாக எழுதியதால் வந்தவை என்பது என் அபிப்பிராயம். தடித்த சுவரில் இரண்டு பங்கும் கலந்து கிடப்பதால் அது கண்ணில் படுவதில்லை. அகலமற்ற சுவர் அதை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடுகிறது.

1990-களில் நடந்தது இதற்குச் சாட்சி. கொலோனில் குந்தர் நிம்ட்ஸ் மைக்ரோஅலையை ஒடுங்கிய குழாய்க்குள் அனுப்பி, ஒளியைவிட வேகமாகக் கடத்திவிட்டதாகச் சொன்னார். மொஸார்ட்டின் 40-ஆம் சிம்பொனியையே அப்படி அனுப்பிக் காட்டினார். 2007-இல் அவரும் ஸ்டால்ஹோஃபெனும் போஸின் இரட்டை முப்பட்டகத்தையே பெரிதாகச் செய்து, கடக்கும் நேரம் பூஜ்யம் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். இதைவிடக் கவனமான சோதனை 1993-இல் பெர்க்லியில் நடந்தது. ஸ்டைன்பெர்க், குவியட், சியாவ் மூவரும் 1.1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அடுக்குக் கண்ணாடியை ஒளித்துகள்களுக்குச் சுவராக வைத்தார்கள். அந்தத் தடிமன் அளவுக் காற்றில் வந்த இணைத் துகளைவிட, சுவரைக் கடந்தது சுமார் 1.47 ஃபெம்டோநொடி முன்னதாக வந்தது. கணக்குப் பார்த்தால் ஒளியைப்போல் 1.7 மடங்கு வேகம். ஆனால் கடந்தவை நூற்றில் ஒன்று மட்டுமே.

அந்த நூற்றில் ஒன்றில்தான் சூட்சுமம். ஆடிக் கிருத்திகையன்று குன்றத்தூர் மலைக்கோயில் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்த சிலரை மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே போனவர்களின் நடு ஆள், வரிசையின் நடு ஆளைவிட வெகு முன்னால் இருப்பார். யாரும் ஓடவில்லை, யாரும் முந்தவில்லை. உச்சி முன்னதாக வருவதற்கு வேகம் தேவையில்லை. இதனால் செய்தி எதுவும் ஒளியை முந்திப் போவதுமில்லை. அலை என்பது வரிசை அல்ல, இன்ன துகள் முன்னால் நின்றது என்று சொல்ல வழியில்லை. ஆகவே இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது.

சரி, உச்சியைப் பார்க்காமல், துகளோடு ஒரு கடிகாரத்தையே கட்டி அனுப்பினால்? 1966-இல் பாஸ், 1967-இல் ரிபசென்கோ என்ற இரு சோவியத் ஆய்வாளர்கள் சொன்ன யோசனை இது. சுவருக்குள் மட்டும் மெல்லிய காந்தப்புலம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் நேரத்துக்கு ஏற்பத் துகளின் தற்சுழற்சி அச்சு திரும்பும்; வெளியே வந்ததும் கோணத்தை அளந்தால் நேரம். 1982-இல் பூட்டிக்கரும் லேண்டௌவரும் வேறு வழியில் போனார்கள். சுவரின் உயரத்தையே மெல்ல ஆட்டி, எந்த வேகத்தில் ஆட்டினால் துகளுக்கு அது உறைக்கிறது என்று பார்த்தார்கள். அவர்கள் சூத்திரத்தை ஃபிளாஷ் மெமரியின் ஆக்ஸைடுக்குப் போட்டுப் பார்த்தால் சில ஃபெம்டோநொடி வரும். எங்கள் தெருப் பையனுக்கு நான் சொன்ன எண் அதுதான். எந்தக் கடிகாரத்தின்படி என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இங்கேதான் சுதர்சன் திரும்ப வருகிறார். 1977-இல் அவரும் வைத்யநாத் மிஸ்ராவும் நிறுவியது: நிலையற்ற ஒரு குவாண்டம் பொருளை இடைவிடாமல் "இன்னும் இருக்கிறாயா" என்று சோதித்துக்கொண்டே இருந்தால், அது சிதையவே சிதையாது. ஒவ்வொரு சோதனையும் அதன் கடிகாரத்தைத் தொடக்கத்துக்கே திருப்பி வைத்துவிடுகிறது. கிரேக்கர் சீனோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1990-இல் வைன்லேண்டின் குழு பெரிலியம் அயனிகளில் இதைச் சோதித்தும் காட்டியது. மணவாளக்குறிச்சித் தோரியத்தை அப்படிக் காவல் காக்க எந்தக் கருவிக்கும் வேகம் போதாது என்பது வேறு. டனலிங் நேரத்துக்கு இதில் உள்ள பாடம், கடிகாரம் வெறும் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை என்பது.

இந்தத் தொல்லையை நேராக எதிர்கொண்டவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். ராமன் ஆய்வு நிறுவனத்தின் நரேந்திர குமாரும் எஸ். அனந்த ராமகிருஷ்ணாவும் 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுவருக்குள் துகளை லேசாக விழுங்கும் தன்மையை வைத்தால், உள்ளே அதிக நேரம் இருந்த துகள் அதிகம் குறையும். குறைவை அளந்தால் நேரம் கிடைக்கும். அழகான யோசனைதான். ஆனால் விழுங்கும் பகுதி தொடங்கும் விளிம்பிலேயே அலை கொஞ்சம் பட்டுத் திரும்பிவிடுகிறது. கடிகாரம் மாட்டியதால் வந்த போலிச் சிதறல் அது. அதைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு உண்மையான தங்கல் நேரத்தை எடுப்பது எப்படி என்று அவர்கள் காட்டினார்கள். பரபரப்புச் செய்தியாகாத இந்த மாதிரி வேலைதான் இந்தத் துறைக்கு மிகவும் தேவைப்பட்டது.

கடைசியாக இரண்டு அளவீடுகள். 2019-இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகக் குழு, சத்ய சாய்நாத் முதல் ஆசிரியராக, ஹைட்ரஜன் அணுவிலிருந்து லேசர் எலக்ட்ரானை உருவும்போது ஆகும் டனலிங் நேரம் 1.8 அட்டோநொடிக்கு மேல் போகாது என்று நேச்சர் இதழில் எழுதியது. "கண நேரம்கூட ஆகாது" என்று தலைப்புகள் வந்தன. மறு ஆண்டே, 1993 சோதனையின் அதே ஸ்டைன்பெர்க், இப்போது டொரண்டோவில், குளிர்வித்த ருபீடியம் அணுக்களை லேசர் ஒளியால் ஆன 1.3 மைக்ரோமீட்டர் சுவரின் மேல் ஏவி, பாஸும் ரிபசென்கோவும் சொன்ன கடிகாரத்தாலேயே அளந்தார். விடை 0.61 மில்லிநொடி. பூஜ்யம் இல்லை, சந்தேகமே இல்லை. ஆற்றலைக் குறைத்தால் உள்ளே இருக்கும் நேரமும் குறைகிறது என்பதையும் 2021-இல் அவர் குழு கண்டது. மெதுவாக வருகிறவன் அதிக நேரம் எடுப்பான் என்ற நம் நினைப்புக்கு நேர்மாறு.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகச் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரிஃபித்தில் அளந்தது, எலக்ட்ரான் வெளியே வந்த திசையில் தெரிந்த தாமதத்தை. டொரண்டோவில் அளந்தது, அணு சுவருக்குள் தங்கிய நேரத்தை. ஒன்றை மற்றதன் பெயரில் சொன்னால் சண்டை வராமல் என்ன செய்யும்?

அடுத்த பகுதியில் 1962-க்கே திரும்புவோம். கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவர் பிரையன் ஜோசப்சன், மீக்கடத்திகளுக்கு நடுவே உள்ள சுவரை எலக்ட்ரான்கள் ஜோடியாகக் கடக்கும் என்று சொல்கிறார். அந்தத் துறையின் பெரிய புள்ளி ஒருவர் அது நடக்காது என்கிறார்.

(தொடரும்)